எரியாததுக்கு ஊத்துன தண்ணி

மூணு வருசம் ஆகப் போகிறது. இன்றும் ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்று வீடு அடங்கும்போது ஒரு பேச்சு என் குரலிலேயே எனக்குக் கேட்கும். “எரியறத உட்டுப்போட்டு எரியாததுக்கு ஏனுங்க தண்ணி ஊத்தறீங்க? சம்பளம் வாங்கீட்டுத்தான வேலை செய்யறீங்க?” முதல் பாதியில் எனக்குப் பெரிய வெட்கமில்லை. விவரம் தெரியாதவன் கேட்கிற கேள்விதான். ரெண்டாம் பாதிதான் கிளுவை முள் மாதிரி உள்ளேயே ஒடிந்து நிற்கிறது. கேட்டது ஒரு தீயணைப்பு வீரரிடம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திருப்பூர் மாவட்டத்தின் தெற்குப் பக்கம் எங்கள் தோட்டம். ஊர் பேரைப் போட்டால் எந்த ஸ்டேஷன், எந்த ஆள் என்று தெரிந்துவிடும், அதனால் வேண்டாம். வைகாசி கடைசி, மேக்காத்து கிளம்பிய வாரம். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற அந்தக் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைக்காரனுக்கு அது பணம், தட்டுப்போர் வைத்திருப்பவனுக்கு வயிற்றில் புளி. தை மாசம் அறுத்த சோளத்தட்டோடு விலைக்கு வாங்கினதையும் சேர்த்துக் கிழமேலாக நீளப் போராகப் போட்டிருந்தோம். அடுத்த மழை வரைக்கும் மாட்டுக்கு அதுதான் சோறு. மேலே போகிற கம்பி ரெண்டும் காற்றில் உரசிப் பொறி விழுந்தது என்கிறார் அப்பா. நான் பார்க்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தோட்டத்தில் படுத்துக் கிடந்தேன். அம்மா போட்ட சத்தத்தில் எழுந்து ஓடியபோது போரின் மேற்கு மூலை ஒரு ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. போர் ஓரமாக நிறுத்தியிருந்த அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லின் சீட் உருகி வழிந்துகொண்டிருந்தது.

101-க்குப் போட்டது நான்தான். “தீப்புடிச்சிருச்சுங்க, சீக்கிரம் வாங்க” என்று மூணு தடவை சொன்னேன். எங்கே என்றார்கள். “மேக்காலத் தோட்டம்ங்க” என்றேன். எதுக்கு மேக்கே? எந்த ஊரில்தான் மேக்காலத் தோட்டம் இல்லை? மெயின் ரோட்டில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், பெரிய வண்டி உள்ளே வருமா, குறுக்கே கம்பி தாழ்வாகப் போகிறதா என்று அந்தப் பக்கத்துக் குரல் அலுங்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “கேள்வி கேக்காம வண்டியத் தாட்டி உடுங்க” என்று கத்திவிட்டு போனைத் திண்ணையில் வீசிவிட்டுக் குடத்தைத் தூக்கினேன். வண்டி அதற்குள் கிளம்பியிருந்ததும், நான் சரியாகச் சொல்லியிருந்தால் வழியை ஓடுகிற வண்டிக்கே சொல்லியிருப்பார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. அவர்கள் திருப்பிக் கூப்பிட்டது மிஸ்டு காலாக ஏழு தடவை பதிந்திருந்தது. வண்டி எங்கள் திருப்பத்தைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. ரோட்டு முனையில் ஒரு பையனை வண்டியோடு நிறுத்தியிருந்தால் போதும். பத்துப் பேர் இருந்தோம். பத்துப் பேரும் குடத்தோடு போரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தோம்.

தோட்டத்துக்கு வருகிற, ரெண்டு பக்கமும் வேலி போட்ட வண்டிப் பாதைதான் இட்டேரி. அதன் கதை தனி. அப்பாரு காலத்தில் ரெண்டு மாட்டு வண்டி ஒதுங்கிப் போகிற அகலமாம். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பங்காளிகள், வேலி புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் கிளுவையை ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டு இன்றைக்கு அது ஒரு டிராக்டர் போகிற சந்து. வண்டி இரண்டு பக்கமும் வேலியை உரசிக்கொண்டு வந்தது. ஒரு இடத்தில் இறங்கி வேலியை வெட்டினார்கள். என் மண்ணை மிச்சம் பிடித்த அதே வேலிதான்.

கேட்டதும் கேட்காததும்

இறங்கியவர்களில் மூத்தவர் நாற்பது தாண்டியவர், தெக்கத்திப் பேச்சு. பதவிக்குப் பேர் முன்னணி தீயணைப்போர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். (அரசாங்கத் தமிழில் அரிதாக அமைந்த நல்ல பேர்களில் ஒன்று இது.) அவர் போரைப் பார்க்கவே இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. வந்ததும் கேட்டது, “கிழக்க யார் இருக்கா?” அடுத்தது, “பீஸ் பிடுங்கியாச்சா?” அவ்வளவுதான். எத்தனை வண்டித் தட்டு, என்ன விலை, எப்படிப் பிடித்தது, ஒன்றும் கேட்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மரில் பீஸைப் பிடுங்கியாயிற்று என்று ஒயர்மேன் போனில் சொன்ன பிறகுதான் குழாயை விரித்தார்கள்.

கிழக்கே ஐம்பது அடியில் எங்கள் பெரியப்பாவின் சாளை. ஓட்டு வீடு, முன்னால் தென்னங்கீற்றுச் சாய்ப்பு, ஒட்டினாற்போல் கட்டுத்தறி. பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கட்டுத்தறியில் ஆறு மாடு கட்டிக் கிடந்தது. மேக்காத்து போரின் பொறியை வாரி வாரி அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது. கும்பகோணத்தில் 2004-ல் 94 பிள்ளைகள் போனார்களே, பற்றியது கீற்றுக் கூரைதான் என்பதை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்லத் தெரிந்தவன் நான். அன்றைக்கு அந்தச் சாய்ப்பு என் கண்ணிலேயே படவில்லை. ஆறு மாடும் படவில்லை. கயிற்றை இழுத்து இழுத்து அவை கத்தியிருக்கும்; எங்களுக்குக் காது கேட்கவில்லை. எங்கள் தட்டு எரிந்துகொண்டிருந்தது, அல்லவா.

“மொதல்ல மாட்டை அவுத்து விடுங்கப்பா” என்று அவர் போட்ட சத்தத்தில் ஒரு சின்னப் பையன், இருபத்தைந்து வயசிருக்கும், காக்கிச் சட்டையோடு கட்டுத்தறிக்கு ஓடினான். செவலை அவனை முட்ட வந்தது. புது ஆள், புது வாசம், தலையில் ஹெல்மெட் வேறு. அம்மாதான் உள்ளே போய் “வா சாமி, வா” என்று முந்தானையை அதன் கண்ணில் போட்டு இழுத்து வந்தாள். மற்றதையெல்லாம் அந்தப் பையன் கயிற்றை அறுத்துவிட்டான்.

அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. குழாயின் முனையைப் பிடித்தவர் போருக்கு முதுகைக் காட்டி நின்று, எரியாத சாய்ப்பின் மேல் பூவாளி மாதிரி விரித்துப் பிடித்தார். கீற்றெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்தது. பிறகு கட்டுத்தறிக் கூரை. பிறகு சாளைக்குப் பின்னாலிருந்த காய்ந்த தென்னை மட்டைக் குவியல். எங்கள் போர் அவர் முதுகுக்குப் பின்னால் நிம்மதியாக எரிந்தது. அப்போதுதான் நான் அதைக் கேட்டேன்.

கேட்டதோடு நிற்கவில்லை. “வண்டித் தண்ணி தீர்ந்தா என்னுங்க, எங்க கெணத்துல தண்ணி கெடக்குது, உறிஞ்சிக்குங்க” என்று கிணற்றடிக்கு இழுக்கப் பார்த்தேன். “எத்தனை அடியில?” என்றார் மூத்தவர். “எழுவது” என்றேன். “ஆகாது தம்பி” என்று சொல்லிவிட்டு டிரைவரிடம் திரும்பினார். டிரைவர் இந்தப் பக்கத்து ஆள். “ஓடைக்கு அக்கட்டால இருக்கற கெணறு வேற டிரான்ஸ்ஃபார்மருங்க. இப்ப அங்க மூணு ஃபேஸ் இருக்கும்” என்றார். வண்டி அங்கே போய் நிரப்பிக்கொண்டு வந்தது. நான் அதைத் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் நழுவுகிறார்கள் என்றுதான் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன்.

போரை அவர்கள் அணைக்கவே இல்லை. ஜேசிபி வரவழைத்துப் போரின் கிழக்குப் பாதியை வெட்டிப் பிரித்துத் தள்ளி, பிரித்ததைப் பரப்பி நனைத்தார்கள். அதில் கொஞ்சம் மிஞ்சியது. புகை வாசத்துக்கு மாடு வாய் வைக்கவில்லை. மேற்குப் பாதியை எரிய விட்டார்கள். பொழுது சாய்ந்து கிளம்பும்போது, “ரெண்டு நாளைக்கு இதை நம்பாதீங்க, ராத்திரி ஆள் போட்டுப் பாருங்க” என்று மட்டும் சொன்னார். ரெண்டாம் நாள் விடியற்காலம் சாம்பல் மேட்டைக் கவையால் கிளறினபோது உள்ளே அடுப்பு மாதிரிச் சிவந்து கிடந்தது.

சான்றுக்குப் போன இடத்தில்

எக்ஸெல்லுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. தீயணைப்பு நிலையத்தில் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். ஆனி நடுவில் ஒரு காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கிற எண்ணமெல்லாம் இல்லை. தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், அவர் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

வாசலிலேயே இருந்தார். தரையில் சம்மணம் போட்டு ஒரு கயிற்றை அந்தச் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே கயிற்றில் ரெண்டு வளையம். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. ஒன்று கக்கத்துக்கு, ஒன்று முழங்கால் மடிப்புக்கு. மாட்டினால் ஆள் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி தொங்குவான். பையன் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்து உருவிவிட்டார். “கண்ணை மூடிக்கிட்டுப் போடு. கிணத்துக்குள்ள உனக்கு டியூப்லைட்டா எரியப் போகுது?” பின்னால் அலசின குழாய்கள் காயப் போட்டுத் தொங்கின. ஈரத்தோடு சுருட்டினால் உள்ளே பூத்துவிடுமாம். அடுத்த தடவை அழுத்தம் கொடுக்கும்போது வெடிக்கும்.

நான் யாரென்று சொல்லி, அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க சார் என்று இழுத்தேன். “எந்தத் தட்டுப்போர்?” என்றார். வைகாசியில் அவர்கள் போன போர்களில் என்னுடையது ஒன்று. திட்டினவர்களில் நான் ஒருவன். இட்டேரியைச் சொன்னேன், ஓடையைச் சொன்னேன். பிடிபடவில்லை. “ஆறு மாடு” என்றேன். “ஆங், அந்தச் செவலை!” என்று அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம் அவராகவே கணக்குச் சொன்னார். வண்டியில் இருக்கிறது 4,500 லிட்டர். ஒரு குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் பத்து நிமிசம் தாங்கும். “உங்க போர் நாங்க வரும்போதே போயிருச்சு தம்பி. அதுல ஊத்துனா பத்து நிமிசத்துல வண்டி காலி, போர் எரியும், சாய்ப்பும் பிடிக்கும், அப்ப என் கையில வெறுங்குழாய்.” கிணற்றைப் பற்றியும் கேட்டேன். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை; குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டால் வெளியிலிருக்கிற காற்றுதான் தண்ணீரை அமுக்கி ஏற்றுகிறது. அந்தக் காற்றின் பலம் கணக்குப்படி 34 அடிக்குத்தான். நடப்பில் 25 அடி தாண்டினால் திணறும். எவ்வளவு பெரிய வண்டி வந்தாலும் இதுதான். “தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால்ல குழாயைப் போட்டோம்னா ஆச்சு. உங்க பக்கம் எந்தக் கிணத்துல 25 அடியில தண்ணி நிக்குது?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்க் கிணறுகள் எண்பதடி, நூறடி. அதற்குக் கீழே ஆழ்துளை போர்வெல் வேறு. பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் முறை வைத்து விடுகிற தண்ணீர். முறை இல்லாத நாளில் அதில் ஆடுதான் மேயும். ஆகவே தீயணைப்பு வண்டிக்கு இங்கே தண்ணீர் என்றால் ஏதோ ஒரு குடியானவனின் மோட்டார்தான். கம்பியில் கரண்ட் இருக்கும்போது தண்ணீர் அடிக்க முடியாது. பீஸைப் பிடுங்கினால் பக்கத்து மோட்டார் ஓடாது. அதனால் எந்தக் கிணறு எந்த டிரான்ஸ்ஃபார்மரில், எதற்கு எப்போது மூணு ஃபேஸ், எந்தத் தோட்டத்துக் கடவில் எட்டடி வண்டி நுழையும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீள நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாகக் கிணறுகள். எங்கள் கிணறும் இருந்தது, ‘70 அடி, மோட்டார் 7½, வழி குறுகல்’ என்று. நிலம் வாங்கும்போது நாங்கள் பார்த்த வில்லங்கச் சான்றில்கூட எங்கள் தோட்டத்தைப் பற்றி இவ்வளவு விவரம் கிடையாது.

சுவரில் ஏப்ரல் 14 என்று ஒரு போர்டு. நமக்குச் சித்திரைக்கனி, அவர்களுக்கு நீத்தார் நினைவு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பலில் தீ அணைக்கப் போய்ச் செத்தவர்களுக்காக. வெடிமருந்து ஏற்றிய கப்பல் என்பது எனக்குத் தெரியும். “அதுல பஞ்சுப் பொதியும் இருந்துச்சு, தெரியுமா? பஞ்சுலதான் பொகைஞ்சுச்சு” என்றார். பஞ்சுப் பொதி, தேங்காய் நார்க் குவியல், தட்டுப்போர் எல்லாம் அவருக்கு ஒரே சாதி. மேலே ஊற்றினால் மேலேயே வழிந்துவிடும். உள்ளே கங்கு தன்பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். பிரித்தால்தான் அணையும், பிரித்தால் காற்றுப் பட்டு எரியவும் செய்யும். எவ்வளவு பிரிப்பது, எப்போது பிரிப்பது என்பதில்தான் கைப்பழக்கம். ஜின்னிங் மில் தீக்குப் போனால் ரெண்டு நாள் ஆகுமாம் வீட்டைப் பார்க்க.

கிணற்றுக்குள் ஒரு மாடு

சான்றுக்குக் கையெழுத்துப் போடுகிற நிலைய அலுவலர் வரவில்லை. காத்திருந்தபோது மணி அடித்தது. மாடு கிணற்றில். எத்தனையோ ஆபீசில் காத்திருந்திருக்கிறேன், ஆபீசே எழுந்து ஓடியதைப் பார்த்தது அன்றைக்குத்தான். என்ன தோன்றியதோ, நானும் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. கொறங்காட்டில் மேய்ந்த மாடு, கொழுக்கட்டைப் புல்லுக்கு எட்டிப் போய் விழுந்திருக்கிறது. அறுபதடிக் கீழே மயிலை முகம் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. கிணற்று மேட்டில் கூட்டம். மாட்டுக்காரர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றார். முன்னணி தீயணைப்போர் செய்த முதல் வேலை அவரைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே உட்கார வைத்ததுதான். “நீங்க மேல நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க, அது போதும்.” மனுசன் உட்கார்ந்து “ராசாத்தி, ராசாத்தி” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், குரல் கம்மிக் கம்மி.

ரெண்டு பேர் கயிற்றில் இறங்கினார்கள். ஒருவன் அந்தச் செவலையிடம் முட்டு வாங்கப் பார்த்த பையன். இறங்கினதும் மாட்டைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரில் பக்கத்தில் மிதந்துகொண்டே இருந்தான். பிறகு நனைத்த துண்டை அதன் கண்ணில் போட்டான். அன்றைக்கு அம்மா செய்ததைப் பார்த்து வைத்திருந்தான் போல. அல்லது அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். மேலிருந்து விட்டது கயிறு அல்ல, பழைய கிழிந்த தண்ணீர்க் குழாய். தட்டையாக, அகலமாக, நாடா மாதிரி. கயிறு என்றால் தூக்கும்போது வயிற்றை அறுத்துவிடும். ஒரு குழாய் முன்னங்காலுக்குப் பின்னால், ஒரு குழாய் மடிக்கு முன்னால். மூச்சைப் பிடித்து அடியில் போய் அந்தப் பக்கம் எடுத்தான், ரெண்டு தடவை தவறியது. கொம்பில் ஒரு தனிக் கயிறு, சுற்றாமலிருக்க. கிரேன் மெதுவாகத் தூக்கும்போது நாலு காலும் தொங்கப் பொதி மாதிரி மேலே வந்தது. தரையில் இறக்கியதும் எழுந்து நிற்காமல் அப்படியே படுத்து ஒரு பெருமூச்சு விட்டது. மாட்டுக்காரர் அதன் காதைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

குழாயைச் சுருட்டிக்கொண்டே அவர் சொன்னது இது. மாடு விழுந்த கிணறு பிரச்சினை இல்லை. ரொம்ப நாள் மூடிக் கிடந்த கிணறு, உள்ளே படியில் ஆயில் இன்ஜினை வைத்து ஓட்டின கிணறு, சாயத் தொட்டி, கக்கூஸ் தொட்டி, இதெல்லாம்தான். முதல் ஆள் மயங்கி விழுவான். அண்ணன் விழுந்துட்டானே என்று தம்பி குதிப்பான், தம்பியைப் பார்த்து மச்சான். “நாங்க போறப்ப மூணு பேர் கெடப்பாங்க. மொத ஆளைத் தவிர மத்தவங்க எல்லாம் பாசத்துல செத்தவங்க.” விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு அல்லவா? விளக்கு அணைந்தால் மூச்சுக்கு ஆகாது என்பது சரி. அணையாவிட்டால் பத்திரம் என்று அர்த்தமில்லை. இன்ஜின் புகையில் விளக்கு எரியும், ஆள் செத்துவிடுவான். முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டாமல் அவர்கள் ஆள் இறங்குவதில்லை. அது மாட்டிக் கொள்கிற அந்த ஒரு நிமிசம் மேலே நிற்கிற சனம் கத்துமாம், “வேடிக்கை பாக்கவா வந்தீங்க?” என்று. சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்தது நாகரிகம்.

சான்று மறுவாரம் கிடைத்தது. தட்டச்சு செய்த ஒரே தாள். சேதமானவை என்று சோளத்தட்டுப் போரும் இருசக்கர வாகனமும் சேர்த்து ஒரு மதிப்பு. அதற்குக் கீழே மீட்கப்பட்டவை என்று ஒரு வரி. அப்படி ஒரு வரி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. சாளை ஒன்று, கட்டுத்தறி ஒன்று, மாடுகள் ஆறு, மதிப்பு இவ்வளவு. எங்கள் சேதத்தைப் போல நாலு மடங்கு. அதில் ஒன்றும் எங்களுடையதில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நின்று ரெண்டு தடவை படித்தார். எக்ஸெல்லின் வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

“ஆறுன்னு போட்டிருக்கறாங்க கண்ணு” என்றார். “செவலை அப்பச் சினையில்ல?”